இரண்டு சில்லு வண்டியும் ‘விழுந்துபோவாய்’ என்ற பயமும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து பெண்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அக்கா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுத் தனது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சில்லுகள், நடுவில் நிற்பதற்கு ஒரு தட்டு, தட்டிலிருந்து மேலே எழும்பும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கைபிடி. இருக்கை இல்லை.

“தங்கச்சி, தம்பி கனடாவிலயிருந்து உதை அனுப்பப் போறானாம். ஒருத்தர் பாவிச்சது, மலிவா வந்திருக்காம். ஏறி நிண்டால் அது தானா விழாமல் ஓடுமாம். எனக்குச் சரிவருமோ?”

இந்த அக்கா 2009 இல் ஷெல் வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தவர். செயற்கைக்காலுடன் நடக்கிறார். வீட்டிலிருந்து 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். இவ்வளவு நாளும் மகன்தான் சைக்கிளில் ஏற்றி இறக்கினான். அவன் உயர்தரப் பரீட்சை முடித்து வவுனியாவுக்கு வேலைக்குப் போக இருந்தான். அதன் பிறகு யார் ஏற்றிச் செல்வது என்பதுதான் அவரது கேள்வியின் பின்னால் இருந்த கேள்வி. வேலை போனால் வருமானமும் போய்விடும்.

நான் யோசிக்காமலேயே பதில் சொன்னேன். “வேண்டாம் அக்கா. உது ஆபத்து. விழுந்துபோவியள்.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “எல்லாரும் உதைத்தான் சொல்லுகினம். அம்மாவும் சொல்லுறா, மகனும் சொல்லுறான். போன மாதம் கிணத்தடியில வழுக்கி விழுந்து கை வீங்கிக் கிடந்தது. அடுத்த நாளும் நான்தான் தண்ணி அள்ளினனான். கிணத்தடிக்குப் போகாதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. றோட்டுக்கு வெளிக்கிட்டால் மட்டும் எல்லாருக்கும் பயம் வருது.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். பெண்களின் நடமாட்டச் சுதந்திரம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த வண்டியைப் பற்றி எதுவும் அறியாமலே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். “அக்கா, எனக்கு இரண்டு கிழமை தாருங்கோ. வாசிச்சுப்போட்டு வந்து சொல்லுறன்” என்று கூறிப் புறப்பட்டேன். அவ்வாறு அறிந்துகொண்டவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எப்படி விழாமல் நிற்கிறது?

அந்த வண்டியின் பெயர் செக்வே. அமெரிக்கரான டீன் கேமன் இதனை 2001 டிசெம்பரில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இதற்கு முன்னர் இவர் ஐபொட் என்ற சக்கர நாற்காலியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். படி ஏறக்கூடிய, இரண்டு சில்லில் உயர்ந்து நின்று எதிரே இருப்பவரின் முகத்தை நேராகப் பார்த்துக் கதைக்க உதவும் நாற்காலி அது. நடக்க இயலாதவர்களுக்காக எழுந்த அந்தத் தொழில்நுட்பத்திலிருந்துதான் நடக்கக்கூடியவர்களுக்கான செக்வே பிறந்தது.

உள்ளங்கையில் ஈர்க்குமாறை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது முன்னால் சாயும்போது கையையும் முன்னால் கொண்டுபோவோம். பின்னால் சாய்ந்தால் பின்னால் கொண்டுபோவோம். செக்வே செய்வதும் இதுதான். அதன் தட்டுக்குள் இருக்கும் உணரிகள் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 100 தடவை அளக்கின்றன. நாம் முன்னால் சாய்ந்தால் மோட்டார் சில்லுகளை முன்னால் ஓட்டி, எமது உடலின் பாரத்துக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. நிமிர்ந்தால் நிற்கிறது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரை ஓடும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முச்சக்கர சைக்கிளில் எதுவும் வேலை செய்யாவிட்டாலும் அது நிற்கும். செக்வே நிற்பது மின்சாரத்தால் மட்டுமே. மோட்டாருக்குப் போதிய வலு கிடைக்காத அந்தக் கணத்தில் வண்டி வெறும் தட்டு. மேலே நிற்பவர் விழுவார். சில்லுக்குப் பிடிமானம் இல்லாத மணலிலும் சேற்றிலும் இதே ஆபத்து உண்டு. சில்லு வழுக்கிச் சுழன்றால் எமது பாரத்துக்குக் கீழே அதனால் வந்து சேர முடியாது.

விழுந்தவர்கள்

2003 யூனில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் செக்வேயில் ஏறியபோது அது முன்னால் சரிந்தது. அவர் பாய்ந்து தப்பினார். வண்டியைச் சரியாக இயக்காமல் ஏறியதே காரணம் எனக் கூறப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்து உலகம் சிரித்தது.

ஆனால் அதே வருடம் செப்ரெம்பரில் வந்த செய்தி சிரிப்புக்குரியதல்ல. அதுவரை விற்ற ஏறத்தாழ 6,000 வண்டிகளையும் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தார்கள். பற்றரி இறங்கிய நிலையில் வேகத்தைக் கூட்டினாலோ தடை ஒன்றில் முட்டினாலோ வண்டி சமநிலையை இழக்கிறது என்பது தெரியவந்தது. ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. 2006 இல் ஏறத்தாழ 23,500 வண்டிகளை மீண்டும் அழைத்தார்கள். ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி உடனே திரும்ப ஏறும் சில சந்தர்ப்பங்களில் சில்லுகள் எதிர்பாராமல் பின்னோக்கிச் சுழன்றன. தலையிலும் மணிக்கட்டிலும் காயங்கள், ஒருவருக்குப் பல் உடைவு. இரண்டு தடவையும் மென்பொருளை மாற்றித் திருத்தினார்கள்.

வாஷிங்டன் நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலை ஒன்றின் வைத்தியர்கள் 2005 ஏப்ரல் முதல் 2008 நவெம்பர் வரை செக்வேயில் விழுந்து வந்த 41 பேரின் விபரங்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 10 பேரை விடுதியில் அனுமதிக்க வேண்டியிருந்தது. தலைக்கவசம் அணிந்திருந்ததாகப் பதிவானவர்கள் 7 பேர் மாத்திரமே.

ஜிமி ஹெசல்டன் என்ற பிரித்தானியரின் மரணம் பலருக்கு நினைவிருக்கலாம். போர்முனைகளில் மண் நிரப்பி அரணாக அடுக்கும் கம்பிவலைக் கூடைகளை உருவாக்கிச் செல்வந்தரானவர் அவர். பின்னர் செக்வே நிறுவனத்தையே வாங்கினார். 2010 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் யோக்ஷயரில் ஆற்றங்கரை மேட்டுப் பாதையில் செக்வேயில் போனபோது, நாயுடன் வந்த ஒருவருக்கு வழிவிடுவதற்காகப் பின்னால் எடுத்ததில் மேட்டிலிருந்து விழுந்து இறந்தார் என மரண விசாரணையில் கூறப்பட்டது. வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒடுங்கிய மேட்டுப் பாதை அதற்குரிய இடமல்ல.

பிள்ளைகளின் பலகை வண்டி

அக்காவின் தம்பி அனுப்பிய படங்களில் இன்னொன்றும் இருந்தது. கைபிடியில்லாத ஒரு பலகை, இரு பக்கமும் சிறு சில்லு, அதில் மருமகன் ஏறி நிற்கிறான். அதன் பெயர் ஹோவர்போர்ட். “வீட்டில இப்ப சும்மா கிடக்குது, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பட்டோ?” என்று தம்பி கேட்டிருந்தார்.

இதுவும் தானே சமநிலை காக்கும் வண்டிதான். ஆனால் மலிவாகச் செய்யப்பட்டது. 2015 இல் மேலைநாடுகளில் இது பரவியபோது விழுந்து காயப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அமெரிக்காவில் 2015, 2016 ஆகிய இரு வருடங்களில் மாத்திரம் 25,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்டதாக மருத்துவ ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டும் முன்கையும் முறிவதே அதிகம்.

இன்னொரு ஆபத்து தீ. இதன் பற்றரி லிதியம் அயன் வகையைச் சேர்ந்தது. மட்டமான பற்றரியோ, பொருந்தாத சார்ஜரோ, விழுந்து உள்ளே நசுங்கிய பகுதியோ இருந்தால் வெப்பம் கட்டுப்பாடில்லாமல் ஏறித் திடீரெனத் தீப்பற்றும். 2015 இன் இறுதியில் பிரித்தானியத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சோதிக்கப்பட்ட 17,000 வண்டிகளில் 15,000 இற்கு மேற்பட்டவை பாதுகாப்பற்றவை எனத் தடுத்து வைக்கப்பட்டன. 2016 யூலையில் அமெரிக்காவில் 10 நிறுவனங்களின் ஏறத்தாழ 501,000 வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017 மார்ச்சில் பென்சில்வேனியாவின் ஹரிஸ்பேர்க் நகரில் இப்படியான வண்டியொன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வீடு எரிந்ததில் சிறுமியர் உயிரிழந்தனர். 2022 இல் அதே மாநிலத்தில் மீண்டும் இவ்வாறான தீயில் சகோதரிகள் இருவர் பலியாயினர்.

பின்னர் யூஎல் 2272 என்ற தரம் உருவாக்கப்பட்டது. அந்தக் குறி உள்ள வண்டியின் மின்பகுதிகள் சோதிக்கப்பட்டவை. ஆனால் அந்தக் குறி பிள்ளையை விழாமல் காப்பாற்றாது. முன்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப் பொருளே அல்ல. அக்காவிடம் இதற்கு மட்டும் தயங்காமல் ‘வேண்டாம்’ என்றேன். அவரும் சம்மதித்தார்.

‘பாதுகாப்பு’ என்று சொன்னால் போதுமா?

இதுவரை வாசித்தவர்கள், நான் முதலில் சொன்னதே சரி என நினைக்கக்கூடும். ஆனால் கதையின் மறுபக்கம் ஒன்றுண்டு.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கால்களை இழந்த அமெரிக்கப் படையினருக்கு 2005 முதல் செக்வே வண்டிகளை இலவசமாக வழங்கிய தொண்டு அமைப்பொன்று இருந்தது. அதனை ஆரம்பித்தவர்கள் தாமும் வலுவிழந்தோரே. செயற்கைக்காலுடன் நீண்ட தூரம் நடப்பது எவ்வளவு களைப்பு, எவ்வளவு புண் என்பதை எம் வாசகியரில் பலர் அனுபவத்தில் அறிவீர்கள். நிற்க முடியும், ஆனால் தூரம் நடக்க முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இந்த வண்டி பெரிய விடுதலையாக இருந்தது. நின்றபடியே மற்றவர்களுடன் முகம் பார்த்துக் கதைத்துச் செல்ல முடிந்தது. முறையான பயிற்சியும் சமதரையான பாதையும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் அவர்களை அனுமதிக்கவில்லை. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் பூங்காவுக்குத் தன் மகளைக் கூட்டிச்செல்ல விரும்பிய, தசைநோயுள்ள ஒரு தாய் செக்வேயில் வர அனுமதி கேட்டார். மறுத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்காவில் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, வலுவிழந்த ஒருவரின் வண்டியைப் பாதுகாப்புக் காரணம் கூறித் தடுப்பவர் உண்மையான ஆபத்தை எடுத்துக்காட்ட வேண்டும். ஊகமோ, வலுவிழந்தோர் பற்றிய பொதுவான எண்ணங்களோ போதாது. 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் நின்று, வழக்கைத் திரும்ப விசாரிக்குமாறு அனுப்பியது.

அதே 2012 இல் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்கா தொடர்பான வேறொரு வழக்கில் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை ஏற்றுக்கொண்டது. சனநெரிசலில் அந்த வண்டி பிறருக்கு ஆபத்தாகலாம் என்பதை நிறுவனம் சாட்சியங்களுடன் காட்டியிருந்தது. மாற்றாக, நின்றபடி செல்லக்கூடிய நான்கு சில்லு வண்டியையும் வழங்கியது.

இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். ஆபத்து உண்மையாகவே இருக்கிறதா? இருந்தால் அதைக் காட்டு. காட்டிவிட்டால், அந்த மனிதர் போக வேண்டிய இடத்துக்குப் போக வேறு வழி என்ன என்பதையும் சொல்லு.

எமது நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 20 ஆவது உறுப்புரை, இயன்றளவு சுதந்திரமாக நடமாடும் உரிமையைப் பற்றியது. ஆனால் எமது பெண்களைத் தடுப்பவை பெரும்பாலும் சட்டங்களோ நீதிமன்றங்களோ அல்ல. ‘விழுந்துபோவாய்’ என்ற ஒரு சொல்தான் தடுக்கிறது. அன்பினால் சொல்லப்படுவதால் அதை எதிர்த்துக் கதைப்பதும் கடினமாக இருக்கிறது. கணவரை இழந்த பெண் இரவில் வெளியே போகக்கூடாது, தனியே இருக்கும் பெண் சந்தையில் கடை போடக்கூடாது என்பவையும் இதே சொல்லின் வேறு வடிவங்களே.

தெருவை அளந்தோம்

இரண்டு கிழமை கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசித்தவை எல்லாவற்றையும் சொன்னேன். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லவில்லை. அவரே ஒரு யோசனை சொன்னார். “வாங்கோ, றோட்டைப் பாப்பம்.”

இருவரும் முன்பள்ளி வரை போனோம். முதல் ஒரு கிலோமீற்றர் தார். மீதி கிறவல். இரண்டு மதகுகள், அவற்றின் ஓரம் உடைந்திருந்தது. ஓரிடத்தில் மாரியில் தண்ணீர் வீதிக்குக் குறுக்காக ஓடுமாம். அங்கே இன்னும் மணல் குவிந்து கிடந்தது. நாய்கள், மாடுகள், மணல் ஏற்றிய உழவு இயந்திரங்கள். அக்கா கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதினார். திரும்பி வந்து திண்ணையில் இருந்து, கீழ்வரும் கேள்விகளை எழுப்பினோம். உங்களுக்கும் யாராவது ஒரு வண்டியைத் தருவதாகச் சொன்னால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. மின்சாரம் அல்லது எரிபொருள் தீர்ந்தால் வண்டி தானாக நிற்குமா, சரியுமா?
2. நான் போகும் பாதையின் மிக மோசமான இடத்தில் அது எப்படி ஓடும்?
3. பழுதடைந்தால் எமது ஊரில் திருத்த ஆள் உண்டா? பற்றரி, உதிரிப்பாகம் கிடைக்குமா?
4. பாவித்த வண்டியாயின் முன்னர் விழுந்ததா? திருத்தத்துக்காக அழைக்கப்பட்ட வகையா? அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா?
5. சார்ஜ் போடும் இடம் படுக்கும் அறையிலிருந்தும் வாசலிலிருந்தும் விலகி இருக்கிறதா? வண்டியோடு வந்த சார்ஜர்தானா? இரவில் எல்லோரும் நித்திரையாகும்போது சார்ஜில் விடுவதில்லை என்று உறுதியாக இருக்க முடியுமா?
6. வீதியில் ஓட்ட அனுமதி உண்டா? இதை வாங்கிய பின்னரல்ல, முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும்.
7. பழகுவதற்கு இடமும், பக்கத்தில் நிற்க ஆளும், தலைக்கவசமும் உண்டா?

செக்வே முதல் மூன்று கேள்விகளிலேயே தவறியது. அதன் உற்பத்தி 2020 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பற்றரி பழுதானால் இங்கே என்ன செய்வது? அதைவிட, கிறவலும் மணலும் அதற்கு ஒவ்வாதவை. செயற்கைக்காலின் பாதத்தால் தட்டின் சாய்வை உணரவும் முடியாது. பழக வேண்டுமென்றால் சொல்லித்தர ஆள் வேண்டும்.

“அப்ப சரி, உது வேண்டாம்” என்றார் அக்கா. இம்முறை அந்த ‘வேண்டாம்’ அவருடையதாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப எது வேணும்?”

பின்பக்கம் இரண்டு மேலதிக சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். காலை ஊன்றாமலே நிற்கும். எங்கும் திருத்தலாம். அதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அகலம் கூட என்பதால் மதகின் ஓரத்தில் பின்சில்லு வெளியே போகலாம். திருப்பத்தில் வேகமாக வெட்டினால் கவிழும். இவற்றையும் கொப்பியில் எழுதினோம். செக்வேக்கும் அதை அனுப்பும் செலவுக்கும் ஒதுக்கிய பணத்தைத் தம்பி இதற்கு அனுப்பினார். அம்மாதான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. கொப்பியை வாசித்துக் காட்டியபோது, “உவ்வளவு ஆபத்தையும் எழுதி வைச்சுக்கொண்டோ போகப் போறாய்?” என்று கேட்டார். “எழுதி வைச்சதாலதான் போறன்” என்றார் அக்கா.

இதை எழுதும்போது அவர் பாடசாலை மைதானத்தில் பின்னேரங்களில் பழகிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை வேலியில் கொண்டுபோய் இடித்தாராம். அனுமதிப்பத்திர அலுவலும் இன்னும் முடியவில்லை. அதுவரை முன்பள்ளித் தாய்மார் இருவர் முறைவைத்து ஏற்றிச் செல்கிறார்கள்.

கடைசியாக நான் போன அன்று மகன் வவுனியாவிலிருந்து வந்திருந்தான். கிணற்றடியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். வழுவழுத்த பழைய சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாகப் பூசி, துலாவடியிலிருந்து வாசல் வரை ஒரு இரும்புக் குழாயைக் கைபிடியாக நட்டிருந்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அம்மா அதையும் எழுதியிருந்தாராம்.

ஒரு பை சீமெந்து, ஒரு குழாய், ஒரு நாள் வேலை. அந்த வீட்டில் அவர் அடிக்கடி விழுந்த இடம் அதுதான். இத்தனை வருடமாக ஒருவருக்கும் அது ஆபத்தாகத் தெரியவில்லை.